மழையைக் கணக்கிட்டு வாழ்ந்தவர்கள்: பேராக் சிறுதோட்டக்காரர்களின் வரலாறு



பருவநிலை மாற்றம் என்ற சொற்றொடர் இன்று நாளேடுகளில் நாள்தோறும் வருகிறது. உலக நாடுகளின் தலைவர்கள் கூடி அதைப் பற்றிப் பேசுகிறார்கள். அறிவியலறிஞர்கள் கட்டுரை எழுதுகிறார்கள். ஆனால் இரண்டு அல்லது மூன்று ஏக்கர் நிலத்தை நம்பி வாழும் ஒரு சிறுதோட்டக்காரருக்கு அது மாநாட்டில் பேசும் பொருளன்று. விடியற்காலையில் எழுந்து, வாசலில் நின்று, இருண்ட வானத்தைப் பார்த்து, இன்று மரம் வெட்டலாமா வேண்டாமா என்று அவர் எடுக்கும் முடிவுதான் அது. அந்த முடிவு சரியானால் வீட்டுக்கு அரிசி வரும். தவறினால் கோப்பையில் நிற்பது மழைநீர்தான்.

பேராக் மாநிலத்துச் சிறு விவசாயிகள் மழையையும் வறட்சியையும் எவ்வாறு சமாளித்து வந்தார்கள், அதில் அவர்களுடைய சொந்த அறிவின் பங்கு எவ்வளவு, பொதுமுயற்சியின் பங்கு எவ்வளவு என்பதை இன்றைய உரையில் காண்போம். பழைய கதைதானே என்று எண்ணிவிட வேண்டாம். இன்று நம்மை எதிர்நோக்கும் கேள்விக்கு விடை தேட இந்த வரலாறு பெரிதும் உதவும்.

முதலில் நம் மாநிலத்து மழையை அறிந்துகொள்வோம். தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறி வந்த நம் முன்னோர், "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியையும் உடன் கொண்டுவந்தார்கள். ஆனால் இந்த மண்ணில் ஆடிப்பட்டம் இல்லை. தீபகற்பத்தின் மேற்குக் கரையில் ஆண்டில் இருமுறை மழை மிகுகிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஒருமுறை. அக்டோபர், நவம்பரில் மற்றொருமுறை. ஜனவரி, பிப்ரவரியிலும் ஜூன், ஜூலையிலும் மழை குறைகிறது. இடத்துக்கு இடம் அளவும் வேறு. மலையடிவாரத்திலுள்ள தைப்பிங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 மில்லிமீட்டர் மழை கொட்டுகிறது. கடற்கரை ஓரத்துச் சித்தியவானில் அதில் பாதிகூடக் கிடைப்பது அரிது. ஆகவே, இங்கே குடியேறிய எவரும், மலாய்க்காரரானாலும் சீனரானாலும் தமிழரானாலும், புதிதாக ஒரு பஞ்சாங்கத்தைத் தம் அனுபவத்தாலேயே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது.

நம் கதை பேராக்கின் வடமேற்கு மூலையில், கிரியான் மாவட்டத்தில் தொடங்குகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கெடாவிலிருந்து வந்த மலாய் மக்களும், கடல் கடந்து வந்த பஞ்சார் மக்களும் அங்குள்ள சதுப்பு நிலத்தைத் திருத்தி நெல் பயிரிட்டார்கள். தமிழர்களும் அங்கே இருந்தார்கள். கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைத்தவர்கள் பலர். அவர்களைத் தவிர, 1880களில் பிரெஞ்சுப் பாதிரியார் ஃபே அவர்களின் முயற்சியால் பாகான் செராயில் நிலம் பெற்றுக் குடியேறிய தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களும் உண்டு. அந்தக் குடியிருப்புக்குச் சூசைப்பாளையம் என்று பெயர். தோட்ட லயத்துக்கு வெளியே, தம் நிலத்தில் தாமே உழுது வாழ்ந்த தமிழர்களின் பழைய எடுத்துக்காட்டுகளுள் அதுவும் ஒன்று.

கிரியான் விவசாயிகளின் பயிர் முழுக்க முழுக்க வானத்தை நம்பியிருந்தது. வரப்பை உயர்த்தி மழைநீரை வயலிலேயே நிறுத்தினார்கள். மழை பிந்தினால் நடவையும் பிந்திச் செய்தார்கள். இவை ஒரு குடும்பம் தன் கையால் செய்யக்கூடிய வேலைகள். ஆனால் 1890களில் வறட்சி அடுத்தடுத்து வந்தபோது வரப்பை உயர்த்தி என்ன பயன்? நிறுத்துவதற்கு நீரே இல்லை. பயிர் கருகியது. நிலத்தைக் கைவிட்டுப் போனவர்களும் உண்டு.

அப்பொழுதுதான் அரசாங்கம் அசைந்தது. குராவ் ஆற்றின் குறுக்கே புக்கிட் மேராவில் அணைகட்டி, பெரிய ஏரி ஒன்றை உருவாக்கி, கால்வாய்கள் வழியே வயல்களுக்கு நீர் கொடுக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. 1906இல் அந்த வேலை நிறைவெய்தியது. இந்நாட்டின் முதல் பெரிய நீர்ப்பாசனத் திட்டம் அதுவே. இன்றும் ஏறத்தாழ 23,000 ஹெக்டர் வயல்களுக்கு அந்த ஏரி நீரூட்டுகிறது. ஏரியும் மதகும் கால்வாயும் தமிழர்களுக்குப் புதியவை அல்ல. நம் முன்னோரின் ஊர்களில் ஏரி மராமத்து ஊராரின் கூட்டுக் கடமையாக இருந்தது. ஒரு வீட்டார் வெட்டக்கூடியது கிணறு; ஓர் ஊரே சேர்ந்தால்தான் ஏரி.

கிரியான் நமக்குத் தரும் முதற்பாடம் இதுதான். பருவம் சற்றுத் தடுமாறினால் விவசாயி தன் சாமர்த்தியத்தால் சமாளித்துக்கொள்வார். தடுமாற்றம் ஓர் எல்லையைக் கடந்துவிட்டால் பொதுவான ஏற்பாடு இல்லாமல் அவரால் நிற்க முடியாது.

இனி ரப்பருக்கு வருவோம். 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். அங்கே முளைத்த செடிகளில் சில 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றுள் ஒன்பதைப் பேராக்கின் பிரிட்டிஷ் அதிகாரி ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அந்தப் பழைய மரங்களுள் ஒன்று இன்றும் அங்கே நிற்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருக, ரப்பர் விலை ஏறியது. நிறுவனங்கள் ஆயிரமாயிரம் ஏக்கர் காட்டை அழித்துத் தோட்டம் போட்டன. அந்தக் கதை நமக்குத் தெரியும்; நம் பாட்டன் பாட்டிமாரின் வேர்வை அதில் கலந்திருக்கிறது.

ஆனால் பாடநூல்கள் அதிகம் பேசாத இன்னொரு கதையும் உண்டு. அதே காலத்தில் கம்பங்களில் வாழ்ந்த சாதாரண மக்களும் தங்கள் வீட்டைச் சுற்றி இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் என்று ரப்பர் நட்டார்கள். 1920களில் மலாயாவின் ரப்பர் நிலத்தில் ஐந்தில் இரு பங்கு அளவு சிறுதோட்டங்களாகவே இருந்தது. இன்றோ நாட்டின் ரப்பர் நிலத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் சிறுதோட்டக்காரர்களிடம்தான் உள்ளது.

அந்தக் காலத்து அதிகாரிகளும் துரைமார்களும் சிறுதோட்டக்காரரை எப்படிப் பார்த்தார்கள்? சோம்பேறி என்றார்கள். "மரங்களை நெருக்கி நடுகிறான். களை எடுப்பதில்லை. பட்டையைத் தாறுமாறாக வெட்டி மரத்தைச் சாகடிக்கிறான்" என்று குறை கூறினார்கள். தோட்டங்களிலோ, தரையில் ஒரு புல்லும் தெரியாதபடி சுத்தமாகக் களை எடுப்பதே நல்ல நிர்வாகத்தின் அடையாளம் என்று கருதப்பட்டது. நம் பெண்கள் நாள் முழுதும் குனிந்து புல் வெட்டிய வேலை அதுதான்.

நேயர்களே, இங்கே சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டர் நிலத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது ஒரு லிட்டர் நீர். 25 மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் பெய்தால் ஒரு லட்சம் லிட்டருக்கும் மேல். நம் நாட்டில் ஒரு மாலை நேர இடிமழையிலேயே அவ்வளவும் இறங்கிவிடும். சரிவான நிலத்தில், மண்ணைப் பிடித்துக்கொள்ள ஒரு புல்வேரும் இல்லாதபோது அந்த நீர் என்ன செய்யும்? மேல்மண்ணை அள்ளிக்கொண்டு ஓடைக்குப் போகும். சுத்தமாக வைத்திருந்த தோட்டங்களில் நடந்தது அதுதான். மண் போயிற்று, வேர்கள் வெளியே தெரிந்தன, ஆறுகள் சேற்றால் மேடிட்டன.

சிறுதோட்டக்காரரின் நிலத்திலோ செடிகொடிகள் தரையை மூடியிருந்தன. நெருங்கி நின்ற மரங்களின் இலைகள் மழைத்துளியின் வேகத்தைத் தணித்தன. உதிர்ந்த சருகு மண்ணைப் போர்த்தியது. களை எடுக்கக் கூலி கொடுக்கப் பணமில்லாத அவர், அதனாலேயே தம் மண்ணைக் காப்பாற்றிக்கொண்டார். நாளடைவில் தோட்டங்களும் பாடம் கற்றன. தரையை மூடும் அவரையினக் கொடிகளை ரப்பர் மரங்களுக்கிடையே வளர்க்கும் வழக்கம் பரவியது. பட்டையைப் பற்றிய பழியும் நிலைக்கவில்லை. 1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1930களின் தொடக்கத்தில் சிறுதோட்டங்களை ஆய்ந்தது. பட்டை அழிந்துபோயிற்று என்ற எண்ணம் தவறு என்பதும், அது நன்றாகவே வளர்ந்து வருகிறது என்பதும் தெரியவந்தது.

சிறுதோட்டக்காரர் செய்தவை எல்லாம் சரியென்று நான் வாதிடவில்லை. நெருக்கமான தோப்பில் ஈரம் தங்கிப் பூஞ்சணம் பிடிப்பதும் உண்டு. நல்ல ஒட்டுக்கன்றுகள் அவர்கள் கைக்கு எட்டப் பல ஆண்டுகள் ஆயின. 1950களில் மறுநடவு நிதியுதவி வந்த பிறகும், 1973இல் ரிஸ்டா என்னும் சிறுதோட்டக்காரர் மேம்பாட்டு வாரியம் அமைந்த பிறகும்தான் அந்தக் குறை பெருமளவு நீங்கியது. நான் சொல்ல வருவது இவ்வளவே: மண்ணோடும் மழையோடும் நாள்தோறும் பழகுகிறவரின் வழக்கத்தை, அதன் காரணத்தைக் கேட்டறியாமல் அறியாமை என்று தள்ளிவிடக் கூடாது. இது கிரியானின் பாடத்தோடு சேர்த்து நினைவில் வைக்க வேண்டிய இரண்டாவது பாடம்.

ரப்பர் மரத்துக்கும் மழைக்கும் உள்ள உறவை இளைய நேயர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். பால் வெட்டுவதை ஏன் விடியுமுன் தொடங்குகிறோம்? இரவில் மரம் நீரை உறிஞ்சி நிறைந்திருக்கும். பட்டைக்குள்ளே பாலின் அழுத்தம் மிகுந்திருக்கும். வெயில் ஏற ஏற இலைகள் வழியே நீர் ஆவியாகிறது, அழுத்தம் குறைகிறது, பால் ஓட்டமும் தளர்கிறது. எனவே விடியற்காலையே உகந்த வேளை. ஆனால் இரவில் மழை பெய்து பட்டை நனைந்திருந்தால், பால் வெட்டுக்கோட்டின் வழியே இறங்காமல் மரம் முழுதும் பரவி வீணாகும். வெட்டிய பிறகு மழை வந்தாலோ, கோப்பையிலுள்ள பாலும் அடித்துக்கொண்டு போகும். ஈரப் பட்டையை அடிக்கடி வெட்டினால் வெட்டுக்காயத்தில் பூஞ்சண நோயும் பற்றும்.

தோட்டத்தில் மழை பெய்தால் பெரட்டு கலையும். வேலை இல்லை, நாட்கூலியும் இல்லை. அந்த நாளில் லயத்து அடுப்பு எப்படி எரிந்தது என்பதை நம் தாய்மார்கள் அறிவார்கள். கொல்லையில் மரவள்ளி, முருங்கை, கீரை. லயத்துக்குப் பின்னால் இரண்டு மாடு, நான்கு கோழி. இவையே மழைநாளின் காப்பீடு. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அரிசி இல்லாதபோது நாட்டையே தாங்கியதும் மரவள்ளிக் கிழங்குதான். ஒன்றை மட்டும் நம்பாதே என்பதை நம் மக்கள் எந்தப் புத்தகத்திலும் படித்துக் கற்கவில்லை, பசியில் கற்றார்கள்.

1950களில் வெள்ளைக்காரர்கள் தங்கள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்கள் வேலையும் வீடும் இழந்தார்கள். அந்நிலையில் சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளி தவணையாகக் கட்டித் தொழிலாளர்கள் உறுப்பினரானார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த அந்தப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. வேறு சிலர் தம் சேமிப்பைக் கொண்டு இரண்டு ஏக்கரோ மூன்று ஏக்கரோ வாங்கித் தாமே சிறுதோட்டக்காரரானார்கள். நேற்றுவரை துரையின் மணியோசைக்கு எழுந்தவர் இன்று தம் நிலத்துக்குத் தாமே முடிவெடுப்பவர் ஆனார். மழையின் இழப்பும் அவரையே சேர்ந்தது. மழையைக் கணிக்கும் பொறுப்பும் அவரையே சேர்ந்தது.

இப்படிப் பழகி வந்த கணக்குகள்தாம் இப்பொழுது தடுமாறுகின்றன. உலகின் சராசரி வெப்பம், ஆலைப்புகை பெருகுவதற்கு முன்பிருந்ததைவிட ஒரு பாகை செல்சியஸுக்கும் மேல் கூடிவிட்டது. காற்று ஒரு பாகை சூடேறினால் அது ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதலான நீராவியைத் தாங்கும். ஆகவே பெய்யும்போது மழை வெள்ளமாகக் கொட்டுகிறது. 1926இல் பேராக் ஆறு கரைபுரண்ட பெருவெள்ளம் போன்றவை முன்பும் வந்ததுண்டு. ஆனால் கனமழை முன்னைவிடக் கடுமையாகப் பெய்யும் வாய்ப்பு இன்று கூடியிருக்கிறது.

மறுபுறம் வறட்சி. பசிபிக் பெருங்கடல் நீர் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில் நம் பக்கம் மழை குறைகிறது. 1997-98இலும் 2015-16இலும் அதைக் கண்டோம். 2016இல் புக்கிட் மேரா ஏரியே வற்றித் தரை தெரிந்தது. கிரியான் விவசாயிகள் நடவைத் தள்ளிப்போட நேர்ந்தது. நூறாண்டுக்கு மேலாக நம்பியிருந்த ஏரிக்கே அந்த நிலை.

ரப்பர் மரமும் தப்பவில்லை. ஆண்டுத் தொடக்கத்து வறண்ட மாதங்களில் மரம் இலையுதிர்த்துப் புதுத்தளிர் விடும். அந்தத் தளிர்ப் பருவத்தில் எதிர்பாராத மழை பெய்தால் பூஞ்சணம் தளிரைத் தாக்குகிறது. மரம் மீண்டும் உதிர்க்கிறது. 2016இல் சுமத்ராவில் தோன்றிய புதியதோர் இலையுதிர் நோய் 2017 முதல் நம் நாட்டிலும் காணப்படுகிறது. ஈரம் மிகுந்த காலமே அதற்கு ஏற்ற காலம். இலை இல்லாத மரத்தில் பால் ஏது?

இதற்குச் சிறுதோட்டக்காரர் என்ன செய்கிறார்? நாள்தோறும் பாலைச் சேகரித்துப் பாளம் போடும் பழைய வழக்கத்தை விட்டு, கோப்பையிலேயே பாலை உறைய விட்டுக் கட்டிப்பாலாக விற்கிறார். பால் உறைந்த பிறகு மழை வந்தாலும் இழப்பு குறைவு. ஆராய்ச்சிக் கழகம் கண்டறிந்த ஊக்க மருந்தைப் பட்டையில் தடவி, இரண்டு நாளுக்கு ஒருமுறை வெட்டிய மரத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை வெட்டுகிறார். வெட்டும் நாட்கள் குறைந்தாலும் பால் அவ்வளவாகக் குறைவதில்லை. கேரளத்தில் அரை ஹெக்டர் அளவே நிலமுள்ள சிறு விவசாயிகள், வெட்டுக்கோட்டுக்கு மேலே நெகிழித் தாளைப் பாவாடை போல் மரத்தைச் சுற்றி ஒட்டி, தென்மேற்குப் பருவமழைக் காலத்திலும் பால் எடுக்கிறார்கள். அந்த மழைக்காப்பு முறை நம் நாட்டிலும் அறிமுகமானதே. ஆனால் அதற்கான செலவையும் உழைப்பையும் ரப்பர் விலை ஈடு செய்ய வேண்டும். இளங்கன்றுகளுக்கிடையே வாழை, அன்னாசி. வளர்ந்த மரங்களுக்குக் கீழே ஆடு. ரப்பரை விட்டுச் செம்பனைக்கு மாறியவர்களும் பலர். செம்பனைக் குலையை ஈரத்திலும் வெட்டலாம் அல்லவா?

அரசின் துணையும் உண்டு. மழைக்கால உதவித்தொகை 2023ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 800 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. விலை வீழும்போது கைகொடுக்கும் உற்பத்தி ஊக்கத்தொகைக்கான விலை வரம்பு 2024ஆம் ஆண்டுத் திட்டத்தில் கிலோவுக்கு 3 ரிங்கிட் ஆயிற்று. இவை பசியாற்ற உதவும். ஆயினும், அடுத்த 20 ஆண்டுகளுக்கு என்ன நடுவது, எப்பொழுது நடுவது என்ற கேள்விக்கு உதவித்தொகை மட்டும் விடையாகாது.

அதற்கு வேண்டியது இரண்டு. வரலாறு காட்டிய அதே இரண்டுதான். ஏரி போன்ற பொது ஏற்பாடுகள் ஒன்று: நோய் தாங்கும் புதிய கன்றுகள், நேரத்தில் கிடைக்கும் வானிலைச் செய்தி, வடிகால், நீர்த்தேக்கம். இவற்றைத் தனி மனிதர் தேடிக்கொள்ள முடியாது. மற்றொன்று, விவசாயியின் சொந்த அனுபவத்தைக் கேட்டுப் பதிவு செய்தல்.

இந்த இரண்டாவதைப் பற்றி ஓர் ஆசிரியன் என்ற முறையில் ஒன்று சொல்ல விரும்புகிறேன். அந்நாளில் ஒவ்வொரு தோட்டத்து ஆபீசிலும் மழைமானி இருந்தது. கிராணி தினமும் அளவு பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். தோட்டம் கைமாறியபோது பல பதிவேடுகளும் போய்விட்டன. நம் மக்களின் மழைக்கணக்கு எங்கே இருக்கிறது? வயது முதிர்ந்த பால் மரத் தொழிலாளர்களின் நினைவில் இருக்கிறது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளோ ஈப்போவிலும் பினாங்கிலும் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள். பாட்டனின் நிலத்தில் லாலாங் மண்டுகிறது. "மழையை நம்பி யார் வாழ்வது?" என்று அந்த இளைஞர்கள் கேட்பதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஒருமுறை விற்ற நிலம் மீண்டும் வராது. அதோடு அந்த நிலத்தைப் பற்றிய அறிவும் போய்விடும்.

ஆகவே நேயர்களே, சிறிய வேலை ஒன்றைத் தொடங்குவோம். நேரான பக்கமுள்ள ஒரு கண்ணாடிக் குவளை, ஓர் அளவுகோல், ஒரு நோட்டுப் புத்தகம் போதும். திறந்த வெளியில் குவளையை வைத்து, நாள்தோறும் காலை ஒரே நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் மழை என்று உங்கள் பிள்ளைகளை எழுதச் சொல்லுங்கள். பக்கத்திலேயே, அன்று மரம் வெட்டினோமா இல்லையா, இலை எப்பொழுது உதிர்ந்தது, எப்பொழுது தளிர்த்தது, எந்தப் பயிர் தாங்கியது என்பதையும் குறிக்கட்டும். முன்பெல்லாம் எந்த மாதத்தில் என்ன நடக்கும் என்பதைத் தாத்தா பாட்டியிடம் கேட்டு எதிர்ப்பக்கத்தில் எழுதட்டும். ஐந்து ஆண்டுகள் எழுதினால் அது ஒரு குடும்பத்தின் பஞ்சாங்கம். ஓர் ஊரில் 20 வீடுகள் எழுதினால், அதிகாரியின் மேசைமேல் வைத்து, "ஐயா, எங்கள் நிலத்தில் நடப்பது இது, இதற்கேற்ற கன்றும் உதவியும் எங்களுக்கு வேண்டும்" என்று கேட்கத் தக்க சான்று.

அன்று சிறுதோட்டக்காரரைச் சோம்பேறி என்றவர்களுக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அவரிடம் அனுபவம் இருந்தது, ஏடு இல்லை. இன்று நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு எழுதத் தெரியும்.